மோதிரம் ஏறாத விரல்

சித்தியின் நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்தே புந்தோங்கில் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அப்பா நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டார். பெரியம்மா சீர்த்தட்டுகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பத்து வயதுக்காரியான நான் வாசலுக்கும் அறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அறையில் சித்தி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓடியது நான், மூச்சு வாங்கியது அவருக்கு.

பாரிட் புந்தாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தோடு வந்து இறங்கிய நேரத்தில், "அக்கா, என் கையப் பாரேன்," என்று சித்தி அம்மாவிடம் கைகளை நீட்டினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பி, கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் புகுந்து இறுகியிருந்தன. அம்மா பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அம்மன் வந்துருச்சி லா!" என்று பெரியம்மா திருநீறு எடுக்க ஓடினார். அம்மா கார் சாவியை எடுத்தார். பின்வாசல் வழியாகச் சித்தியை அழைத்துப்போனபோது நானும் ஏறிக்கொண்டேன்.

கிளினிக்கில் டாக்டர் கையை விட்டுவிட்டு மூச்சைத்தான் கவனித்தார். "மெதுவா மூச்சு விடும்மா. இன்னும் மெதுவா." கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாகவே அவிழ்ந்தன.

"வேகமா மூச்சு வாங்கினா ரத்தத்துல இருக்கிற கால்சியம் புரதத்தோட ஒட்டிக்கும். அப்புறம் நரம்பு சும்மா இருக்காது, தசையை இழு இழுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்," என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, "மனசுல ஏதும் கவலையா?" என்று கேட்டார்.

சித்தி வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "கல்யாணப் பொண்ணு படபடப்புதான் டாக்டர்."

இன்று நான் மாணவர்களுக்கு உடலியல் நடத்துகிறேன். நரம்பின் கட்டளை வந்ததும் தசைக்குள் சேமிப்பிலிருக்கும் கால்சியம் வெளியேறி, இழைகளை ஒன்றையொன்று பற்றி இழுக்க வைக்கிறது; அது திரும்பிப் போனால்தான் தசை தளரும். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் கால்சியம் குறைந்தாலோ நரம்பு காரணமில்லாமலே கட்டளையிடத் தொடங்கிவிடும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் விரல் நேராகிவிட்டது என்பது மட்டும்தான்.

திரும்பும் வழியில் சமிக்ஞை விளக்கில் நின்றபோது, "அக்கா, நேரா போலாமா?" என்றார் சித்தி.

"நேரா போனா குனோங் ராபாட் வந்துரும் சித்தி. நம்ம வீடு இடது பக்கம் லா," என்று நான் திருத்தினேன். பச்சை விழுந்ததும் அம்மா இடப்பக்கம் திருப்பினார்.

மோதிரம் தடையில்லாமல் ஏறியது. வலியில் சித்திக்கு வீட்டுக்கு வரும் வழிகூட மறந்துவிட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.