முதல் பரிசு வாங்கிய சனிக்கிழமை

என் பேத்திக்கு வயது பதின்மூன்று. அவளுடைய வாய்க்கு முப்பது இருக்கும். பயிற்சி தொடங்கிய முதல் நாளே என்னை ஹோல் நடுவில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மப்பா, முதல்ல உங்கட வயிறு வருது, பிறகுதான் நீங்கள் வாறீங்கள்," என்றாள். மருமகன் சோபாவில் இருந்தபடியே சிரித்தார். மகள் குசினி அடுப்படியில் சிரித்தது கேட்டது. எழுபத்து நான்கு வயதில் மகள் வீட்டில் சாப்பிடுகிறவன் இதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கத்தான் வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடிக்குக் கிட்ட ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே அயலில் உள்ள நலன்புரிச் சங்கம் ஒன்று ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஒன்றுகூடல் வைக்கும். அந்த வருஷம் புதிதாக ஒரு நடனப் போட்டி. பேரப்பிள்ளை ஒன்றும் தாத்தாவோ பாட்டியோ ஒருவரும் சோடியாக ஆட வேண்டும். மேல் மாடியில் இருக்கிற வகுப்புத் தோழி தன்னுடைய அப்பப்பாவோடு பேர் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட நிமிஷத்திலிருந்து என் பேத்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு ஆடுவதில் ஆசை என்று நான் சொல்லமாட்டேன். மேல் வீட்டுக்காரியை அழவைப்பதில் ஆசை.

என்னை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எனக்கு உண்மையிலேயே ஆடத் தெரியும் என்பது. இளந்தாரியாக இருந்த காலத்தில் நானும் அண்ணரும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் துறைமுகக் கந்தோரில் வேலை. கீழ் வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம், ஞானஸ்நானம் எது வந்தாலும் முற்றத்தில் பைலாப் பாட்டும் ஆட்டமும் நடக்கும், நான் இறங்கி ஆடுவேன். அண்ணர் ஆடமாட்டார். ஊர்க்காரன் எவனாவது வந்து பார்த்து எங்கள் தகப்பனாருக்குக் கடிதம் போட்டுவிடக்கூடாது என்று படியில் நின்று காவல் காப்பார். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த அறை எரிந்தது. இரண்டு பேரும் கப்பலில் யாழ்ப்பாணம் போனோம். நான் திரும்பி வந்தேன், அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சகோதரம் போனில்தான் நடந்தது. தினமும் பின்னேரம் எடுப்பார். சுகம் விசாரிக்க அல்ல, சண்டை பிடிக்க. பென்ஷன், அரசியல், மழை, எதுவும் அவருக்குப் போதும். எனக்கும் அவரோடு சண்டை பிடித்தால்தான் இரவுச் சாப்பாடு இறங்கும். அந்த வருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. குரல் நூலாகிவிட்டது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் எடுத்தபோது சண்டைக்கு வரவில்லை. "ஆடிப்போட்டு வா. ஆனா வா. முகத்தைப் பார்க்கவேணும்," என்றார். போட்டிக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ்ஸுக்கு அன்றைக்கே இடம் பதிந்துவிட்டேன். உயிரோடு பார்ப்பேன், இல்லாவிட்டால் கிடத்தியிருக்கும்போதாவது அந்த முகத்தைப் பார்ப்பேன். உலகத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பேத்திக்கு வேண்டியது கோப்பை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் என் ஆட்டத்தைப் படமெடுத்து எனக்கே போட்டுக் காட்டுவாள். "இஞ்ச பாருங்கோ, இது டான்ஸ் இல்லை, வலிப்பு." முழங்காலுக்கு நான் களுபோவிலை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கொடுத்த முழங்கால் பட்டையைக் கட்டக்கூடாது என்றாள், கிழடு என்று தெரிந்துவிடுமாம். நான் இளந்தாரி என்று எந்த நடுவர் நம்பப்போகிறார் என்று கேட்டேன். "நொண்டி எண்டு நினைக்காம இருந்தாக் காணும்," என்றாள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தப் பின்னேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். மனைவி போன பிறகு இந்த வீட்டில் என்னை ஒருவரும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

சனிக்கிழமை விடியற்காலை அண்ணர் செத்துவிட்டார். நான் எழும்பிக் குளித்துவிட்டு வந்தபோது அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

எங்கள் ஆட்களில் கூடப்பிறந்தவர் போனால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, சாமி விளக்குக் கொளுத்தக்கூடாது, நல்லது எதற்கும் போகக்கூடாது. மேடையில் ஏறி ஆடுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. நான் அறிந்தால் போட்டி அதோடு சரி. அதனால் அறியவிடவில்லை. என் மகள் பொய் பேசமாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் வளர்த்தேன். பேசாமல் இருப்பாள்.

அன்று காலை வழக்கம்போல விளக்குக் கொளுத்தப் போனேன். சாமியறை பூட்டியிருந்தது. "உள்ளுக்கு எறும்பு மருந்து அடிச்சிருக்கு, திறக்காதேங்கோ," என்றார் மருமகன். சரி, கோயிலுக்காவது ஒரு நடை போய்வருவோம் என்று வேட்டியை எடுத்தேன். மகள் ஓடிவந்து கையிலிருந்து வாங்கிவிட்டாள். "அப்பா, இண்டைக்குக் கோயில் வேண்டாம். பின்னேரம் ஆடவேணும், காலை அலைக்காதேங்கோ." எவ்வளவு கரிசனை என்று நினைத்தேன். மடையன். துடக்குக்காரன் சாமியைத் தொட்டுவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள். கடவுளுக்குத் தீட்டுப் படக்கூடாது. மேடைக்குப் பட்டால் பரவாயில்லை.

மத்தியானம் முட்டை பொரித்துத் தந்தாள். இரண்டாவது முட்டையும் கேட்காமலே வந்தது. கொலஸ்ட்ரோல் என்று சொல்லி முட்டையையே கண்ணில் காட்டாதவள் அவள். அண்ணருக்கு ஒருக்கால் எடுத்துப் பேசுவோம் என்று போனைத் தேடினேன். "சார்ஜில போட்டிருக்கு, அம்மப்பா. எங்கட பாட்டு அதிலதான் கிடக்கு, பற்றரி இறங்கினா வேலையில்லை," என்றாள் பேத்தி. அன்று முழுக்க அந்தப் போன் என் கைக்கு வரவில்லை.

மண்டபத்தில் நல்ல கூட்டம். முதலில் மேல் வீட்டுச் சோடி ஆடியது. அந்த மனிதர் தன் பேத்தியின் காலை மிதித்துவிட்டு நடுமேடையில் நின்று மன்னிப்புக் கேட்டார். என் பேத்தி திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடுத்தது தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவரும் பேரனும், அருமையாக ஆடினார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளன் என் வயதைச் சொல்லி, "கீழ விழுந்தா ஒருத்தரும் சிரிக்கவேண்டாம்," என்றான். சபை சிரித்தது. சிவப்புச் சட்டையும் வெள்ளைக் களிசானுமாக ஏறினேன். பைலாத் தாளம் விழுந்ததும் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பேத்தி என் விரலைப் பிடித்துச் சுழன்றாள், நான் இடுப்பை ஒடித்துக் கீழே போய் எழும்பினேன், மண்டபம் விசிலடித்தது. முன்வரிசையில் மகள் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பெருமையில் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் ஒரு சுற்றுக் கூடுதலாக ஆடினேன்.

முதல் பரிசு எங்களுக்கு. கோப்பை ஒன்று, சோறு அவிக்கிற குக்கர் ஒன்று. மருமகன் முழுவதையும் படமெடுத்து, மேடையிலிருந்து நான் இறங்குவதற்குள் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மூளை இருக்கிற மனிதன் செய்கிற வேலையா அது? என்னிடம் மறைக்க வேண்டும் என்று நினைவிருந்த ஆளுக்கு அந்தக் குழுவில் யாழ்ப்பாணமும் இருக்கிறது என்பது நினைவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். காலி வீதியில் யாழ்ப்பாண பஸ்கள் வரிசையாக நின்று சாமான் ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு பஸ்ஸின் வாசலில் நடத்துனர் நின்று, இரண்டு சீட்டுத்தான் மிச்சம் என்று கூவினான். "நாளைக்கு இந்த நேரம் நான் இதுக்குள்ள," என்றேன்.  மருமகன் குக்கர்ப் பெட்டியைத் தோள் மாற்றினார். அப்போது சொல்லியிருந்தால்கூட, அந்தச் சிவப்புச் சட்டையோடேயே ஏறி விடிய முன் ஊரில் இறங்கியிருப்பேன். அண்ணர் அப்போது தன் வீட்டு ஹோலில்தான் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் என் அறை வாசலில் துவாயோடு வந்து நின்றாள்.

"அப்பா, தலை முழுகுங்கோ."

எங்கள் வீடுகளில் அதற்கு ஒரு அர்த்தம்தான்.

"ஆர்?"

"பெரியப்பா."

"எப்ப?"

"நேற்று விடிய."

"எடுத்தாச்சோ?"

"பத்து மணிக்கு எடுத்தாச்சாம்."

என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லக்கூடாதவற்றையெல்லாம் சொன்னேன். சுடலைக்குப் போனாலும் உன் கையால் ஒரு பிடி அரிசி எனக்கு வேண்டாம் என்றேன். மருமகன், "மாமா, உந்த முழங்காலோட எட்டு மணித்தியாலம் பஸ்ஸில எப்பிடி, உங்கட நன்மைக்குத்தான்," என்று தொடங்கினார். நன்மை என்ற சொல்லைக் கேட்டதும் கையில் கிடைத்த துவாயைச் சுருட்டி அவருடைய முகத்தில் எறிந்தேன். பேத்தி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். "சொல்லியிருந்தா நீங்கள் ஆடியிருக்கமாட்டீங்கள்தானே, அம்மப்பா," என்றாள், கணக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி. அது உண்மை. 

தலை முழுகினேன். பிறகு போனைக் கேட்டு வாங்கி அண்ணரின் மகனுக்கு எடுத்தேன். அவன் பிறந்தபோது பேர் வைத்தவனே நான்தான். மூன்றாம் தரம் எடுத்தபோதுதான் தூக்கினான்.

"சொல்லுங்கோ சித்தப்பா." குரல் வெகு மரியாதையாக இருந்தது. "வீடியோ வந்தது. நல்லா ஆடியிருக்கிறீங்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில இருந்துதான் பார்த்தனாங்கள். அம்மாவும் பார்த்தவ."

"எனக்குத் தெரியாதடா தம்பி. சத்தியமாத் தெரியாது. என்ர மகள் மறைச்சுப்போட்டாள்."

"அக்காவோட நான் கதைக்கேல்லை சித்தப்பா. நான் உங்கட போனுக்குத்தான் எடுத்தனான். உங்கட பேத்திதான் தூக்கினவள். நீங்கள் வாற வரைக்கும் அப்பாவை வைச்சிருக்கிறம், திங்கள் ஆனாலும் பரவாயில்லை, கேட்டுச் சொல்லம்மா எண்டனான். போய்க் கேட்டுப்போட்டு வந்து சொன்னவள்: போட்டி முடிஞ்சுதான் வருவாராம், தனக்காகக் காத்திருக்காம உங்களை எடுக்கட்டாம்."

பேத்தி இன்னும் அங்கேயேதான் நின்றாள். போன் சத்தமாகப் பேசுவது அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை. மகள்தான் வாயில் கையை வைத்தாள், இது அவளுக்கும் புதிது என்று அப்போது கண்டேன்.

"அவள் என்னட்டக் கேக்கேல்லையடா. நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான். அவள் தானாச் சொன்னது."



"வேண்டாம் சித்தப்பா," என்றான். "சின்னப் பிள்ளையில பழியைப் போடாதேங்கோ." வைத்துவிட்டான்.

அன்று இரவு பஸ்ஸில் நான் ஏறவில்லை, போய்ப் பார்க்க முகம் இல்லை. பிறகு நான் எடுத்த ஒரு அழைப்பையும் அவன் தூக்கவில்லை. வருஷம் முடிய வந்த ஆட்டைத் திவசத்துக்கு ஊருக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டுத் தந்தார்கள், சாப்பாடு போட்டார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. வந்தவர்கள் என் காலைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி உள் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

இங்கே மகளுக்கும் எனக்கும் அன்று அறுந்தது அறுந்ததுதான், சாப்பிட வாங்கோ என்பதோடு சரி. மருமகன் துவாயை மறக்கவில்லை. பேத்தியோடும் கதைப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். விடிந்தால் அவள் வந்து கட்டிலில் ஏறி இருந்து, பள்ளிக்கூடத்தில் யாரை எப்படி மடக்கினாள் என்று சொல்வாள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன், இடையில் சிரிப்பேன். இந்த வீட்டில் என்னோடு கதைப்பதற்கு வேறு ஒருவரும் இல்லை, அது அவளுக்கும் தெரியும்.