கிணற்றுக்குள் பச்சை வெளிச்சம்

பிள்ளைகளே, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள குப்பைமேட்டில், பழைய பற்றரிகளையும் மருந்துப் போத்தல்களையும் உழவு இயந்திரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தவன் நான்தான். அந்த அழுக்கு கிணறுகளுக்குப் போகிறதா என்று பார்க்க, தண்ணீரை ஆய்வு செய்யும் ஒரு மிஸ் வந்தார்.

“நிலத்தடித் தண்ணி வாவிப் பக்கந்தான் ஓடும், மிஸ். எங்கட கிணறு கடல் பக்கம், பயமில்ல” என்றேன்.

“தண்ணிக்கிட்டயே கேட்டுப் பாப்பம், ஐயா” என்று சிரித்தவர், மேட்டருகே துளையிட்டு, தீங்கில்லாத பச்சைச் சாயத்தை ஊற்றினார்.

மூன்று கிழமை போனது. ஒரு நண்பகல் என் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, கிணத்துக்குள்ள ஆரோ லைற் போட்டிரிக்காங்க!”

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. வாடையில்லை, அசைவில்லை. என் முகமும் பச்சையாகக் கீழேயிருந்து என்னைப் பார்த்தது. அதுவரை நாங்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

மிஸ் வந்து என் தோட்டத்து மோட்டரைக் காட்டினார். “வாவிக்குப் போற தண்ணிய இதுதான் இஞ்சால இழுத்திருக்கு, ஐயா.”

கத்தரிச் செடிகளுக்கு நாள்முழுக்க அந்த மோட்டரால் இறைத்தவனும் நான்தான்.

இப்போது பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறோம். சாயம் சில நாளில் மங்கி, கிணறு பழையபடி தெளிந்துவிட்டது. பச்சையைக் கண்டபோது பயந்ததைவிட, அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.