எது விருப்பம் என்று கேட்ட அப்பா

இன்று காலை கம்பளை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தங்கச்சி. ஏ.எல். பரீட்சை நன்றாகச் செய்திருக்கிறாள் போல. முன் சீட்டில் இருந்த அவளுடைய அப்பா திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார்.

“கம்ப்யூட்டர் சயன்ஸா, சொப்ட்வெயார் இன்ஜினியரிங்கா? ஒனக்கு எது விருப்பம்னு சொல்லும்மா. கெம்பஸ் யாழ்ப்பாணத்துல கெடச்சாலும் கொண்டுபோய் விடுறேன்.”

எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம், அதாவது கெம்பஸ், போனவள் நான். வீட்டில் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்திக்கு வீட்டுக்கு வந்துறலாமா?”

அப்படி வந்துவிடக்கூடிய கெம்பஸில் கிடைத்தது புவியியல். புரோகிராமிங் எல்லாம் பிறகு வீடியோ பார்த்துப் படித்ததுதான்.

என் லெப்டொப் பையைக் கவனித்த தங்கச்சி கேட்டாள்: “அக்கா ஐ.டி.யா? புரோகிராமர் ஆக எது நல்லம்?”

பிழையாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சத்தியமாக.

“ரெண்டும் நல்லம். கணக்குல ஆசை கூடன்னா கம்ப்யூட்டர் சயன்ஸ் போங்க” என்றேன், மெதுவாக.

“சந்தோஷம் மகள்” என்றார் அந்த அப்பா.

அந்த ‘மகள்’ கேட்டும் வயிறு எரிந்தது.

நாலு வருஷத்தில் அவள் டிகிரியோடு எங்கள் ஒபிசுக்கே வந்து நிற்பாள். அதற்குள் நான் சீனியர் புரோகிராமர் ஆகிவிட வேண்டும். வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.