அட்டனில் நல்ல தேத்தண்ணி எந்தக் கடையில்

அட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரருக்குக் கால்வலி, இடுப்புவலி எல்லாம் பறந்துவிடும். எனக்கு அங்கேதான் தொடங்கும். அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இருட்டோடு புறப்பட்டு, பனியில் மலையிறங்கி, பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிருக்கும். அவரோ மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு எந்தக் கடைக்கிப் போவோம் புள்ள?" என்பார். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

நாங்கள் வந்தது குடியுரிமை விசாரணைக்கு. இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லித் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு நாடு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு, இங்கேயே நிரந்தரமாக இருக்கிறோம் என்று அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் அவர் பெயரில் இருந்தது. நானும் பிள்ளைகளும் அதற்குள் அடக்கம். அவர் தேறினால் எல்லோரும் தேறுவோம், இல்லாவிட்டால் எல்லோரும் அந்தரத்தில் தொங்குவோம்.

கூப்பிட்ட நாளில் போய் அதிகாரியின் கந்தோர் வாசலில் நிற்போம். மத்தியானம் தாண்டும்வரை நிற்கவைத்து, இன்னொரு நாள் வாருங்கள் என்று தவணை சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு அவருக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை போய்விடும், எனக்குப் பிள்ளைமடுவத்து வேலை போய்விடும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. குழந்தைகள் அழுதாலும் அங்கே உட்கார ஒரு பலகையாவது உண்டு. கந்தோர் வாசலில் அதுவும் இல்லை.

இப்படித் தவணைக்கு மேல் தவணையாக அலைந்ததில், அட்டனில் நாங்கள் சாப்பிடாத கடை இல்லை என்று ஆகிவிட்டது. அவர் எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: ஒரு பணிஸ், ஒரு கட்லட், ஒரு தேத்தண்ணி. பணிஸ் ரொட்டியை நடுவில் பிளந்து, கட்லட்டை உள்ளே வைத்து, உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கி, இரண்டு கையாலும் பிடித்துக் கடிப்பார். அப்படி வேறு யாரும் சாப்பிட்டு அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"பாக்கட்டும் புள்ள. நாளைக்கு அவனும் இப்பிடித்தான் திங்கப் போறான்" என்பார்.

ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கடை இருந்தது. தட்டு நிறையப் பலகாரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். இவர் ஒவ்வொரு பணிசையும் விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அங்கே கட்லட் சூடாக, மிளகு தூக்கலாக இருக்கும். தேத்தண்ணியில் மட்டும் விறகுப் புகை நாறும். "நானா, கட்லட்டுக்கு ஒங்க கையில மோதரம் போடலாம். தேத்தண்ணிக்கு ஒங்க அடுப்ப ஒடைக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்த மனுசன் கோபிக்க மாட்டார். "அண்ணே, ஒங்களக் கண்டாலே எனக்குப் பயமா இருக்கு" என்று சிரிப்பார். பெண்களோடு வந்தவர்களை ஒரு பழைய சேலைத் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள். திரைக்கு அடியில் போகிற வருகிற கால்கள்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் அடுப்புச் சூடு முதுகில் படும். எனக்கு அந்தக் கடைதான் பிடித்தது.

சந்தைப் பக்கத்துச் சைவக் கடையில் கட்லட் ஏது? இவர் விடவில்லை. வடையைப் பணிசுக்குள் வைத்துத் தின்று பார்த்துவிட்டு, காய்ந்த மண்ணை வாயில் போட்டவர் போல முழித்தார். கடை சுத்தம், சாமிப் படங்களுக்கெல்லாம் பூ, யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. "கோயிலுக்குள்ள உக்காந்து திங்கிற மாதிரி இருக்கு, ஏப்பம் விடக்கூட வெக்கமா இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

கந்தோருக்கு எதிரே சிங்கள முதலாளி ஒருவரின் கடை. கண்ணாடி அலுமாரி, நாற்காலி, பச்சைக் கோடு போட்ட கோப்பைகள். பணிஸ் அப்போதுதான் இறங்கியது போல மெத்தென்று இருக்கும். கட்லட் சின்னது, கடித்தால் உருளைக்கிழங்குதான் வரும். ஆனால் தேத்தண்ணி! அதை அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கையிலிருந்த பணிசைக் கீழே வைத்தார். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. "இந்த டவுன்ல இதுதான் தேத்தண்ணி" என்றார் பிறகு.

லயத்துக்குத் திரும்பியதும் தீர்ப்பு வாசிப்பார். கால் வீங்கி நான் ஒரு மூலையில் சாய்ந்திருப்பேன். இவர் வாசலில் நின்று, எந்தக் கடையில் பணிஸ் பழசு, எங்கே பால் தண்ணி, எங்கே இலையான் மொய்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். விசாரணைக்குப் போக இருந்தவர்கள் அழைப்புக் கடிதத்தைக்கூட அப்புறம்தான் காட்டுவார்கள், முதலில் கடையைத்தான் கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நாடு கிடைக்குமா கிடைக்காதா என்று இருக்கும்போது இந்த மனுசனுக்குக் கட்லட் கேட்கிறதே என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். அந்தப் பணிஸ் இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் அலைய அவருக்குத் தெம்பு இருந்திருக்காது என்று இப்போது புரிகிறது.

இப்படி வாய் நீளமான மனுசன், தோட்டத்துத் தொரை முன்னால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். மழை கொட்டும்போது தொரை வெயில் என்றால், "ஆமாங்க தொரை, மண்டையப் பொளக்குதுங்க" என்பார். அவர் மட்டுமில்லை, எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான். பெரிய இடத்தில் ஒன்று சொன்னால் ஒத்து ஊத வேண்டும், அதற்கு மேல் நாமும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். பிழைப்பு அப்படி.

எனக்கு ஒரு பயம் மட்டும் உள்ளே கிடந்தது. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது, தங்கச்சி கல்யாணத்துக்கென்று இவர் திருச்சிப் பக்கம் போனார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு படுத்து, ஒன்றரை வருடம் கழித்துத்தான் திரும்பினார். ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து இந்தியாவில் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்காது என்று பேச்சு. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அந்தப் பயணத்தை எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. திரும்பி வந்த அன்றைக்கு இவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அங்க குடுக்கிறது தேத்தண்ணியா புள்ள? கழனித்தண்ணி. நம்ம அட்டன் தேத்தண்ணிய நெனச்சே நான் பாதி எளச்சிட்டேன்."

கடைசியில் ஒருநாள் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர், அவரும் களைத்துப்போயிருந்தார். அவர் இங்கிலீசில் கேட்பதை யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பிறந்த இடம், தோட்டம், பிள்ளைகள் என்று எல்லாம் ஒழுங்காகப் போனது. தேறிவிடுவோம் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்போது பியூன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். பச்சைக் கோடு போட்ட கோப்பை. எதிர்க்கடைத் தேத்தண்ணி.

அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஏதோ முணுமுணுத்தார். கிளாக்கர் சிரித்துக்கொண்டே, "இந்த ஊர்க் கடையளில மனுசர் குடிக்கிற தேத்தண்ணி கிடைக்காதாம் எண்டு ஐயா சொல்லுறார்" என்றார்.

அது கேள்வி இல்லை. பேசாமல் நின்றிருக்கலாம். ஆனால் பெரிய மனுசர் ஒன்று சொல்லிவிட்டாரே! இவர் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, "ஆமாங்க ஐயா. இதெல்லாம் தேத்தண்ணிங்களா? திருச்சி ஜங்சன்ல குடிச்சேங்க, அது தேத்தண்ணி" என்றார்.

கிளாக்கர் அதையும் மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி கோப்பையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"எப்ப திருச்சிக்குப் போனனீங்கள்? எவ்வளவு காலம் நிண்டனீங்கள்?" என்று கிளாக்கர் தமிழில் கேட்டார்.

நேராகக் கேட்டால் பொய் சொல்ல இவருக்கு வராது. ஒத்து ஊதத்தான் வரும். ஒன்றரை வருடம் என்றார். காய்ச்சலைப் பற்றியும் சொன்னார். பேனா எழுதிக்கொண்டே இருந்தது. முடிவை அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் என் கால்கள் தாமாகவே எதிர்க்கடைக்குப் போயின. எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. அவர் பணிஸ் கேட்கவில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது. முதலாளி வழக்கம்போலப் பக்கத்தில் வந்து நின்று, நல்லாயிருக்கா என்று சிங்களத்தில் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். முதலாளி போன பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த மாதிரித் தேத்தண்ணி நான் எங்கயும் குடிச்சதில்ல புள்ள."

"அத அங்க சொல்றதுக்கென்ன?" என்று கத்திவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பெரியவங்க ஒண்ணு சொல்லும்போது இல்லன்னு எப்பிடி புள்ள சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் வந்த கோபம் யார் மேல் போவது என்று தெரியாமல் அலைந்தது. அந்த ஐயா முன்னால் நானும் கையைக் கட்டிக்கொண்டுதானே நின்றேன்.

விண்ணப்பம் தள்ளுபடி என்று சில மாதங்களில் கடிதம் வந்தது. அதற்கப்புறம் அவர் கடைகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். விசாரணைக்கு அழைப்பு வந்த அடுத்த லயத்துக்காரர் ஒருவர் வழக்கம்போல எங்கள் வாசலில் வந்து நின்று, அட்டனில் தேத்தண்ணி எந்தக் கடையில் நல்லாயிருக்கும் என்று கேட்டார். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். இவர் வாசலுக்கு எழுந்து போனார்.

"எங்க வேணும்னாலும் குடிங்க தம்பி. ஆனா அந்த ஐயா தேத்தண்ணி நல்லாயில்லன்னு சொன்னா, இல்லீங்க ஐயா, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிருங்க."