துரு வரட்டும் என்று வேண்டிக்கொண்டு கல்யாணிக்குப் போனோம்

கொல்கத்தாவில் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமையானால் மாலுக்குப் போவார்கள். நான் போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கோதுமை வயலுக்குப் போனேன். காரணம், நியூ டவுனில் என்னோடு வாடகை வீட்டில் இருக்கும் சுதா. மதுரைக்காரி, கோதுமை ஆராய்ச்சி செய்கிறாள்.

விவசாயிகளிடம் திரட்டிய நாட்டுக் கோதுமைகளில் எது துரு நோயை, அதாவது இலையில் செம்பொடி படியும் நோயை, தாங்குகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கிடைத்தால் அந்தக் குணத்தைப் புது ரகங்களுக்குக் கொண்டுவரலாம். ஆனால் நோய் வந்தால்தானே தாங்குகிறதா என்று தெரியும்? அதற்காகவே, சட்டென்று துரு பிடிக்கும் ஒரு ரகத்தை, கல்யாணி என்ற ஊரில் இருக்கும் அவர்கள் ஆராய்ச்சி வயலைச் சுற்றி விதைத்திருந்தார்கள். போன வருஷம் நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், சுதா மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால் முதலில் காளிகாட் காளி கோயில். கேபில் பதினெட்டு கிலோமீட்டர், நானூற்றிருபது ரூபாய். அர்ச்சகர், "யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"யாருக்கும் இல்லை தாதா. இனிமேல்தான் நோய் வரணும்" என்றாள் சுதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

பூ எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. "பயிருக்கு, பயிருக்கு!" என்று நான் சமாளித்தேன். மனுஷர் இன்னும் மோசமாகப் பார்த்தார்.

மெட்ரோவில் எஸ்பிளனேட் போய், மாறி சியால்தா. அங்கிருந்து கல்யாணி லோக்கல், பதினைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஜால்முரி என்கிற காரப்பொரி விற்பவர் வந்தால் விடாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா.

வரப்பில் சுதா நின்றுவிட்டாள். "நீ போய்ப் பாருடீ, எனக்குப் பயமா இருக்கு."

ஓரத்து வரிசைக்குள் நுழைந்தேன். வெளியே வந்தபோது என் வெள்ளைத் துப்பட்டா முழுக்கச் செங்கல் பொடி மாதிரி அப்பியிருந்தது. "சுதா, துப்பட்டா போச்சுடீ!"

ஓடி வந்தவள் அதைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்புறம் நாட்டு ரகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். துரு, துரு, மறுபடியும் துரு. எதுவுமே தாங்கவில்லையோ என்று தோன்றியது. கடைசிக்கு முந்தின வரிசையில், தருமபுரியிலிருந்து வந்த சம்பா கோதுமை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் தேய்த்தாள். பொடியே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி நடுவில் போங்கள், முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மாற்று உடை அவசியம். துரு ஒட்டிய துணியோடு வேறு கோதுமை வயலில் கால் வைக்காதீர்கள், நீங்களே நோயைச் சுமந்துபோவீர்கள். சந்தோஷத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், நான் வருஷா வருஷம் போவேன்.

திரும்பும் ரயிலில் சுதா எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டாள். "காக்கிமா, ரூமை வேற யாருக்கும் சொல்லிடாதீங்க. நான் எங்கயும் போகல."