ஆந்தையைச் சுமப்பது யார்

பென்சில்வேனியாவில், இலையுதிர் காலம் முழுக்க மலைமுகட்டுப் பாறையில் குளிரில் விறைத்தபடி உட்கார்ந்து, தெற்கே போகும் பருந்துகளுக்குப் பெயர் சொல்வதையே பிறவிப் பயனாகக் கொண்ட சிலர் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஆகவே மரியாதைக்காக அடித்துக்கொள்வார்கள். பருந்துகளைச் சீண்டிக் கிட்டே இழுக்க ஒரு கழியின் உச்சியில் பிளாஸ்டிக் ஆந்தை நிற்கும். அன்று பறவையின் பெயரைத் தப்பாகச் சொன்னவர்தான் மாலையில் அதை அணைத்துக்கொண்டு மலையிறங்கி, மறுநாள் காலையில் சுமந்து வர வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் சொன்ன பெயரே நிற்கும். அதுதான் அங்கே சட்டம்.

கீழே ஊரில் பெண்களுக்கு முடிவெட்டி ஓய்வு பெற்றவள் லவீனா கிளிங்கர். மலையேறிய முதல் வருஷம், புளூ ஜே என்னும் சாதாரணத் தோட்டத்து நீலப் பறவையைப் பார்த்து "வல்லூறு!" என்று கூவிவிட்டாள்.

"ஆமாம்மா, உங்க வீட்டு வாசல்ல வேர்க்கடலை பொறுக்குமே, அதே வல்லூறுதான்" என்றார் எல்வுட் ட்ரெக்ஸ்லர், பாறையின் மூத்தவர். சிரித்தவர்களுக்குக் காப்பி மூக்கில் ஏறியது. அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் பழைய வாடிக்கைக்காரிகள் பார்க்க, லவீனா ஆந்தையோடு நடந்தாள். எல்வுட்டை இதே ஆந்தையோடு நடக்க வைக்காமல் சாவதில்லை என்று அப்போதே முடிவுசெய்தாள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். சின்ன வல்லூறு ஷார்ப்பி, பெரிய வல்லூறு கூப்பர். ஆனால் பெண் ஷார்ப்பிக்கும் ஆண் கூப்பருக்கும் உருவத்தில் அதிக வித்தியாசம் இருக்காது. லவீனா முடிவெட்டுகிறவளின் கண்ணால் பாடம் படித்தாள். ஷார்ப்பிக்குக் கழுத்தே இல்லை, தலை தோளுக்குள் புதைந்திருக்கும், எல்வுட் மாதிரி. வால்நுனி நேராக வெட்டியது. கூப்பருக்குத் தலை முன்னே நீண்டிருக்கும், வால்நுனி வட்டமாக வெட்டியது. கழுத்தில்லாதது ஒன்று கடக்கும்போதெல்லாம் "போறான் பார் எல்வுட்" என்று பல்லைக் கடித்தாள். வன்மம் எந்த ஆசிரியரையும்விட நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

வடமேற்குக் காற்று வீசிய ஓர் அக்டோபர் நாளில் எல்வுட் கைநீட்டினார்: "கூப்பர்!"

"ஷார்ப்பி" என்றாள் லவீனா, தேன் வழியும் குரலில்.

"கண்ணாடிய மாத்துங்கம்மா."

"நீங்க கண்ணாடி பாருங்க, கழுத்தில்லாதது எதுன்னு தெரியும்."

பறவையே வந்து தீர்ப்பு சொன்னது. ஆந்தைமேல் பாய்ந்து, எல்லோர் தலைக்கும் மேலே வாலை விரித்தது. கத்தரித்தாற்போல நேர்வால். ஷார்ப்பிதான்.

அன்று மாலை எல்வுட் ஆந்தையோடு இறங்கினார். தன் கார் மறுபக்கம் நின்றாலும், லவீனா பின்னாலேயே போனாள். பழியை முழுசாக ருசிக்க வேண்டாமா?

கீழே ஒரு தேவாலயப் பெண்கள் கூட்டம் எல்வுட்டைச் சூழ்ந்துகொண்டது. படம் எடுத்தார்கள், ஆப்பிள் பலகாரம் ஊட்டினார்கள். அவர் சிவந்துபோன முகத்தோடு திரும்பினார்.

"ஆந்தை தூக்கினா இவ்வளவு சுகம்னு இத்தனை நாள் சொல்லவே இல்லையே, லவீனா? இனிமே தினமும் நான்தான்!"

லவீனா பழிக்கு வேறு வழி யோசித்தபடி தன் காருக்குத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் எல்வுட் சொன்னபடியே தொடங்கினார். பிணந்தின்னிக் கழுகைக் காட்டி, "பொன்னாங்கழுகு!" என்றார், யாராவது மறுக்கட்டும் என்று சுற்றிலும் பார்த்தபடி. யாரோ வாயைத் திறந்தார்கள். லவீனா முழங்கையால் இடித்து அடக்கினாள்.

"அடேயப்பா, பொன்னாங்கழுகேதான்!" என்றாள். "கண்ணுன்னா எல்வுட் கண்ணு!"

எல்வுட் காக்கையைக் கூப்பர் என்றார். "ரொம்பச் சரி" என்றாள். புறாவை ராஜாளி என்றார். "நானும் அதேதான் நினைச்சேன்" என்றாள். ரகசியம் புரிந்த பாறை மொத்தமும் தலையாட்டியது.

"ஏம்மா, ஒரு தடவையாவது தப்புன்னு சொல்லக் கூடாதா?" எல்வுட் ஆந்தையை ஏக்கத்தோடு பார்த்துக் கெஞ்சினார்.

"உங்களையா? உங்க வாயில தப்பு வருமா!" என்றாள் லவீனா, அவருக்குக் காப்பி ஊற்றியபடி.