பழைய வெர்ஷன்

மூளையில் இருந்த கட்டியை எடுத்து, மழித்த தலையில் முடி வளர்ந்த பிறகு அவள் மறுபடி வேலைக்குப் போனாள். குழுவில் எல்லாரும் அவளைவிட இளையவர்கள். நேரில் "அக்கா" என்றார்கள். முதுகுக்குப் பின்னால் "பழைய வெர்ஷன்" என்றார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் வேலை, தன் கணினியைத் தயார்படுத்திக்கொள்வது. எழுதுகிற நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும், அதோடு ஒட்டிய கருவிகளும் அவள் படுத்திருந்த காலத்தில் வெகுதூரம் போயிருந்தன. பழையதை நீக்கினாள். புதியதை நிறுவினாள். வெர்ஷன் என்ன என்று கட்டளை கொடுத்துப் பார்த்தாள். புதிய எண் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பழைய எண்.

மறுபடி நிறுவினாள். மறுநாள் காலையிலும் அதே பழைய எண்.

குழுத் தலைவனிடம் போய் நின்றாள். "தம்பி, நேத்து நான் புதுசுதானே போட்டேன்? நீகூடப் பாத்தியே."

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அக்கா, சாயங்காலம் நீங்களேதானே பழசைத் திரும்பப் போட்டீங்க? கை பழகினது இதுதான்னு சொன்னீங்களே. ஞாபகம் இல்லையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள். கம்பைலர் எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்று பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும். வேறு யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். கோளாறு தன் தலைக்குள்தான் என்று நம்பிவிட்டவள் கணினிக்குள் ஏன் தேடப் போகிறாள்?

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கணவன் நம்பவில்லை, ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலை நாத்தனார் கைக்குப் போனது. "ஏதாவது வேணும்னா அத்தைகிட்ட சொல்லு, அம்மா மறந்துடுவா" என்று அவள் எதிரிலேயே குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாள் நாத்தனார். அன்றிலிருந்து குழந்தை எல்லாவற்றையும் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னது.

அலுவலகத்தில் நிறுவுவதும் நீக்குவதுமாகவே காலம் போனது. கடைசியில் உடல்நிலையைக் காரணம் காட்டி ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

போகிற அன்று கணினியைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும். கம்பைலரை நீக்கினாள், அதோடு வந்த நிரல் நூலகங்களை நீக்கினாள், ஒன்றையும் விடவில்லை. எல்லாம் போயிற்றா என்று உறுதி செய்துகொள்ள வெர்ஷன் கட்டளையைத் தட்டினாள்.

பழைய எண் வந்தது.

இல்லாத கம்பைலர் எப்படிப் பதில் சொல்லும்? எங்கிருந்து ஓடுகிறது என்று காட்டும் அந்த இன்னொரு கட்டளையைக் கைகள் தாமாகவே தட்டின. கணினி முதலில் தேடிப் பார்க்கும் கோப்புறையில், கம்பைலரின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கோப்பு உட்கார்ந்திருந்தது. திறந்தாள். வெர்ஷன் கேட்டால் பழைய எண்ணைக் காட்டு, வேறு எது கேட்டாலும் பிழை என்று சொல். அவ்வளவுதான். எழுதியவன் இடத்தில் குழுத் தலைவனின் பெயர்.

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஐயோ அக்கா, சும்மா தமாஷ்! முதல் வாரமே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சோம். நீங்க டாக்டர்கிட்ட எல்லாம் போவீங்கன்னு யாரு கண்டா?"

இப்போது யாரும் இருமவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள்.

மேலாளரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "சின்னப் பசங்க விளையாட்டு. உங்க இடத்துக்கு ஆள் எடுத்தாச்சும்மா. இதைக் கிளறினா உங்க பேருதான் கெடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "சரி, சரி. மாத்திரை போட்டியா?"

"நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா? என் தலையில ஒண்ணுமில்ல. அவங்கதான் பண்ணாங்க."

"எல்லாரும் சேர்ந்து உனக்கு எதிரா பண்றாங்களா? டாக்டர்கிட்ட இதையும் சொல்லணும்" என்றான் அவன், உண்மையான கவலையோடு.

வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். அவர்கள் வைத்த தேர்வில், வெறும் கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, நிரலை ஓட்டிக் காட்டி, மற்றவர்களுக்கு முன்பே எழுந்தாள். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்கள். வழக்கப்படி பழைய அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்தார்கள். தொலைபேசியை எடுத்தவன் குழுத் தலைவன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அழைப்பு வந்தது. "உங்களைப் பத்தி ரொம்ப நல்லவிதமாத்தான் சொன்னார் மேடம்" என்றது மறுமுனைக் குரல். "முதல்ல உடம்பைப் பாத்துக்கங்க. வேலை எங்க போயிடப் போகுது?"